பள்ளி அலுவலக ஊழியர்களுக்கு இணையப் பாதுகாப்பின் அடிப்படைகளை எங்கிருந்து தொடங்கி விளக்குவது?

கேள்வி: செம்பவாங்வாசி

வணக்கம். நான் சிங்கப்பூரில் ஒரு தொடக்கப்பள்ளியின் பொது அலுவலகத்தில் பணிபுரிகிறேன். அலுவலக ஊழியர்கள், துணைக் கல்வியாளர்கள், நூலகத்தைக் கவனித்துக்கொள்பவர் எனப் பலவகைப் பணிகளில் இருக்கும் சக ஊழியர்களுக்கு இணையப் பாதுகாப்பின் அடிப்படைகளைப் பற்றி அரை மணி நேரம் பேசும்படி துணை முதல்வர் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கட்டாய இணையவழிப் பயிற்சியை நாங்கள் அனைவரும் முடித்திருக்கிறோம். இறுதியில் வரும் வினாக்களுக்குச் சரியான விடையையும் தெரிவுசெய்துவிடுகிறோம். ஆயினும் அச்சுறுத்தல், பலவீனம், இடர் ஆகிய மூன்றும் எவ்வாறு வேறுபடுகின்றன என்றோ, மறைச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இருகட்ட அடையாளச் சரிபார்ப்பு எதைத் தடுக்கிறது, எதைத் தடுப்பதில்லை என்றோ எவரேனும் கேட்டால் எங்களில் பலர் வாய் திறக்கமாட்டோம்.

வங்கியைப் போலப் பணம் புழங்காத ஒரு பள்ளியைத் தாக்கி யாருக்கு என்ன கிடைக்கும் என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கு நம்பும்படியான பதில் எனக்கு வேண்டும். முன்பின் தெரியாதவர் அனுப்பும் மின்னஞ்சலைத் திறக்காதீர்கள் என்ற அறிவுரையும் பொது அலுவலகத்திற்குப் பொருந்துவதில்லை. பெற்றோர் மருத்துவச் சான்றிதழைப் படமெடுத்து அனுப்புகிறார்கள், விற்பனையாளர்கள் விலைப்புள்ளியை இணைத்து அனுப்புகிறார்கள். அவற்றைத் திறக்காவிட்டால் எங்கள் வேலை நடக்காது. மறைச்சொல்லை அடிக்கடி மாற்ற வேண்டுமா என்பதிலும் நான் படித்தவை ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. இத்துறை அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: கணினிக்கூடத்தார்

வணக்கம். பள்ளிகளுக்குத் தகவல் தொழில்நுட்ப ஆதரவு வழங்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பள்ளியில் என்ன இருக்கிறது என்ற கேள்வியை ஊழியர்களிடமே திருப்பிக் கேளுங்கள். நிதி உதவித் திட்டத்திற்கு விண்ணப்பித்த குடும்பங்களின் வருமான விவரம், எந்தப் பிள்ளைக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்ற குறிப்பு, மணவிலக்குக்குப் பிறகு பிள்ளையை யார் அழைத்துச் செல்லக்கூடாது என்று கூறும் நீதிமன்ற ஆணை, ஆலோசகரின் பதிவுகள், இன்னும் நடைபெறாத தேர்வின் வினாத்தாள் என்று அவர்களே அடுக்குவார்கள். வங்கி அட்டை களவுபோனால் ரத்துசெய்துவிட்டு வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். ஒரு பிள்ளையின் மருத்துவ வரலாற்றை அப்படி மாற்றிக்கொள்ள முடியாது. இந்தத் தகவலுக்குச் சந்தை உண்டு என்பதோடு, அதை வெளியிட்டுவிடுவோம் என்று மிரட்டியும் பணம் பறிக்கிறார்கள். வட அமெரிக்கப் பள்ளிகள் பயன்படுத்தும் பவர்ஸ்கூல் என்னும் மாணவர் தகவல் முறைக்குள் 2024 டிசம்பரில் திருடப்பட்ட உள்நுழைவு விவரங்களைக் கொண்டு ஊடுருவினார்கள். மிரட்டியவர்கள் கேட்ட பணத்தை அந்நிறுவனம் செலுத்தியது. ஆனாலும் 2025 மே மாதத்தில், அதே தரவைக் காட்டிப் பள்ளி நிர்வாகங்களுக்குத் தனித்தனியே மீண்டும் மிரட்டல்கள் வந்தன.

இத்துறையில் எதைப் பாதுகாக்கிறோம் என்பதை மூன்றாகப் பிரிப்பார்கள். தகவல் உரியவர் கண்ணுக்கு மட்டும் தெரிய வேண்டும். அது அனுமதியின்றி மாற்றப்படாமல் இருக்க வேண்டும். தேவைப்படும் நேரத்தில் கிடைக்க வேண்டும். வினாத்தாள் கசிவது முதலாவதன் மீறல், மதிப்பெண் திருத்தப்படுவது இரண்டாவதன் மீறல் என்பதை எல்லாரும் உடனே புரிந்துகொள்வார்கள். மூன்றாவதை விளக்க நம் நாட்டிலேயே ஒரு நிகழ்வு உண்டு. உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கற்றல் கருவிகளை நிர்வகிக்கப் பயன்பட்ட மொபைல் கார்டியன் செயலி 2024 ஆகஸ்ட் 4 அன்று ஊடுருவலுக்கு உள்ளானது. 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் ஐபேட், குரோம்புக் கருவிகளில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. கல்வி அமைச்சு அச்செயலியை எல்லாக் கருவிகளிலிருந்தும் நீக்கியது. குறிப்புகளை வேறோரிடத்தில் சேமித்திராத பிள்ளைகள் தேர்வுக்கு முன் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதைப் பெற்றோராக இருக்கும் ஊழியர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

நீங்கள் கேட்ட வேறுபாட்டையும் இதிலேயே காட்டலாம். கருவிகளைக் கைப்பற்ற விரும்பிய அந்த ஊடுருவி அச்சுறுத்தல். அவருக்கு வழிவிட்ட குறை, அது எதுவாயினும், பலவீனம். பாடக்குறிப்புகளுக்கு வேறு நகல் இல்லாத நிலையில் அவ்விரண்டும் சேர்ந்தால் பாதிப்பு நேர எவ்வளவு வாய்ப்பு உண்டு, நேர்ந்தால் அது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்ற கணிப்பு இடர். அச்சுறுத்தலை நாம் ஒழிக்க இயலாது. வெளிநிறுவனத்தின் கணினி முறையில் உள்ள குறையையும் பள்ளி ஊழியர் திருத்த இயலாது. வேறோரிடத்தில் நகல் எடுத்து வைப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. அந்த 26 பள்ளிகளில் எவரும் எந்த இணைப்பையும் தவறாகச் சொடுக்கியதால் அது நேரவில்லை என்பதையும் சொல்லுங்கள். பாதுகாப்பு என்றாலே ஊழியரின் கவனக்குறைவு என்ற எண்ணம் நம்மிடையே வேண்டாத அளவுக்கு ஊறிப்போயிருக்கிறது.

மின்னஞ்சலுக்கு வருகிறேன். எழுத்துப்பிழையைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள் என்ற பழைய பாடத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் துணையோடு இன்று எவரும் பிழையற்ற ஆங்கிலத்தில் எழுதிவிடலாம். யார் அனுப்பினார் என்பதைவிட அஞ்சல் உங்களை என்ன செய்யச் சொல்கிறது என்பதைப் பாருங்கள். மருத்துவச் சான்றிதழைப் பார்வையிடச் சொல்வது ஒன்று. அதைப் பார்க்க உங்கள் பணிக் கணக்கின் மறைச்சொல்லை உள்ளிடச் சொல்வது முற்றிலும் வேறு. அஞ்சலோடு வரும் கோப்புகளைப் பதிவிறக்காமல் அஞ்சல் செயலியின் முன்னோட்டத்திலேயே பாருங்கள். ஓர் ஆவணம் திறந்தவுடன் உள்ளடக்கத்தை இயக்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். விலைப்புள்ளிக்கு அப்படியோர் அனுமதி தேவையே இல்லை. விற்பனையாளரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று ஓர் அஞ்சல் வந்தால், அந்த அஞ்சலில் கொடுக்கப்பட்ட எண்ணை அழைக்காமல், உங்கள் அலுவலகப் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். முதல்வரின் பெயரில் அவசரமாகப் பரிசட்டை வாங்கச் சொல்லி வரும் செய்திக்கும் இதுவே வழி.

இணைய முகவரியைப் படிக்கவும் கற்றுக்கொடுங்கள். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு உடனே முன்னால் இருக்கும் பகுதிதான் அத்தளம் யாருடையது என்பதைச் சொல்கிறது. அரசாங்கத் தளங்கள் பெரும்பாலும் கவ்.எஸ்ஜி (gov.sg) என்று முடியும். பள்ளித் தளங்கள் எம்ஓஇ.எஜு.எஸ்ஜி (moe.edu.sg) என்று முடிவதும் உண்டு. அந்த எழுத்துகள் முகவரியின் நடுவில் எங்கோ இருந்தால் போதாது. குறுஞ்செய்திகளைப் பொறுத்தவரை, 2024 ஜூன் 18 முதல் அரசாங்க அமைப்புகள், மிகச் சில விலக்குகள் நீங்கலாக, கவ்.எஸ்ஜி என்ற ஒரே அனுப்புநர் பெயரையே பயன்படுத்துகின்றன.

பதில்: தமிழாசிரியை_தெம்பனிஸ்

மேலே எழுதியவர் சொன்னவற்றோடு உடன்படுகிறேன், ஆனால் அவருடைய வரிசையோடு உடன்படவில்லை. தொலைநாட்டு ஊடுருவியை முதலில் வைத்தால் ஊழியர்கள் அது அமைச்சின் வேலை, நம் வேலை இல்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். பள்ளியில் நம் கணினியைப் பார்க்க ஆவல் கொண்டவர்கள் நமக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறார்கள்.

இது வெறும் அனுபவப் பேச்சன்று. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம், 2022 முதல் 2024 வரை கல்வி நிலையங்களில் உள்ளிருப்பவர்களால் நேர்ந்த 215 தரவு மீறல்களை ஆராய்ந்து 2025 இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றுள் 57 விழுக்காடு மாணவர்களாலேயே நிகழ்ந்தவை. ஏறத்தாழ 30 விழுக்காடு மீறல்களுக்கு உள்நுழைவு விவரங்கள் களவுபோனதே காரணம். அவ்வகையில் 97 விழுக்காட்டின் பின்னால் மாணவர்கள் இருந்தார்கள். மறைச்சொல்லை ஊகித்தார்கள், அல்லது தாளில் எழுதி வைத்திருந்ததைக் கண்டெடுத்தார்கள். அரிய தொழில்நுட்பத் திறன் தேவைப்பட்டவை மிகச் சிலவே. ஊழியர்கள் கருவியைத் திறந்தபடி விட்டுச் செல்வதும், மாணவர்களைத் தங்கள் கருவியைப் பயன்படுத்தவிடுவதும் அந்த அறிக்கையில் தனியே சுட்டப்பட்டிருக்கின்றன.

நம் வகுப்பறைகளை எண்ணிப் பாருங்கள். படவீழ்த்தி (புரொஜெக்டர்) இயங்கும்போதே ஆசிரியர் மதிப்பெண் முறைக்குள் நுழைகிறார்; மறைச்சொல் புள்ளிகளாக மறைந்தாலும் விசைகளில் விரல் போகும் வழியை முன்வரிசைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஒரு பெற்றோர் தம் பிள்ளையைப் பற்றி எழுதிய அஞ்சலின் முதல் வரி அறிவிப்பாகத் திரையின் மூலையில் எழுந்து முழு வகுப்புக்கும் தெரிகிறது. காணொளியை ஓடவிட மடிக்கணினியை வகுப்புத் தலைவரிடம் கொடுத்துவிட்டு ஆசிரியர் நகலெடுக்கச் செல்கிறார். உங்கள் பொது அலுவலகத்தில் மாணவர் வருகைப் பதிவு முகப்பு மேசையை நோக்கித் திறந்திருந்தால், நிற்கும் விற்பனையாளரும் அதைப் படிக்கலாம். இருக்கையை விட்டு எழும்போது விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்துவது, படவீழ்த்தியை இயக்குமுன் அறிவிப்புகளை நிறுத்துவது, திரையை நகல் காட்டுவதற்குப் பதிலாக நீட்டித்துக் காட்டுவது ஆகிய பழக்கங்களை நீங்கள் அந்த அரை மணி நேரத்தில் எல்லாரையும் செய்துபார்க்கவே வைக்கலாம்.

2020 ஏப்ரலில் முழுமையான வீட்டில் இருந்தபடி கற்றல் தொடங்கிய சமயத்தில் நேர்ந்ததையும் பழையவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். உயர்நிலை ஒன்று மாணவர்களின் புவியியல் பாடத்துக்குள் அந்நியர்கள் நுழைந்து ஆபாசப் படங்களைக் காட்டியதால், ஆசிரியர்கள் ஸூம் என்னும் காணொளிச் சந்திப்புச் செயலியைப் பயன்படுத்துவதைக் கல்வி அமைச்சு நிறுத்திவைத்து, கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குப் பிறகே மீண்டும் அனுமதித்தது. காத்திருப்பு அறை எதற்கு, திரைப்பகிர்வு அனுமதி யாரிடம் இருக்க வேண்டும் என்பவற்றை விளக்க அதைவிடப் பொருத்தமான சான்று இல்லை.

மாணவர் ஒருவர் ஆசிரியரின் கணக்கில் நுழைந்தால் அது குறும்பு என்று கடந்துபோவதும் சரியன்று. கணினியைத் தவறாகப் பயன்படுத்துதல் சட்டத்தின் கீழ், அனுமதியின்றி நுழைவதற்கே முதல் குற்றத்திற்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பிள்ளைகளைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை அறியாமல் இந்த எல்லையைத் தாண்டும் வாய்ப்பை நம் திறந்த மடிக்கணினி உருவாக்கித் தரக்கூடாது என்பதே என் கருத்து.

செம்பவாங்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. முகப்பு மேசைக் கணினியின் திரை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை இன்று காலை முதல் வேலையாகப் பார்த்தேன், திருப்ப வேண்டியிருந்தது. மறைச்சொல் பற்றிய ஐயம் மட்டும் தீரவில்லை. அத்துடன், கற்றல் பயணங்களுக்காகப் பெற்றோரின் தொடர்பு எண்களையும் பிள்ளைகளின் ஒவ்வாமை விவரங்களையும் ஒரு பகிர்வு விரிதாளில் திரட்டுகிறோம். அதன் இணைப்பை ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துகொள்கிறார்கள். இதில் சட்டச் சிக்கல் ஏதேனும் இருக்கிறதா?

பதில்: நுழைவாயில்

மறைச்சொல்லை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட நாளுக்கொரு முறை மாற்றியே ஆக வேண்டும் என்ற விதியை அமெரிக்கத் தர அமைப்பான நிஸ்ட் 2017 இலேயே கைவிட்டுவிட்டது. காரணம் எளிது: கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் பழைய சொல்லின் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார்கள். கசிந்ததாகத் தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும், அவ்வளவே. நம் இணையப் பாதுகாப்பு அமைப்பு குறைந்தது 12 எழுத்துகளைப் பரிந்துரைக்கிறது. ஒரு நினைவோடு தொடர்புடைய ஐந்து சொற்களைக் கோத்து எழுதினால் அந்த நீளம் தானாக வந்துவிடும், மனத்திலும் நிற்கும். இருப்பினும் உங்கள் பணிக் கணக்கு குறிப்பிட்ட காலத்தில் மாற்றச் சொன்னால் மாற்றித்தான் ஆக வேண்டும். இணையத்தில் படித்தேன் என்று தொழில்நுட்பப் பிரிவினரோடு வாதாடிப் பயனில்லை.

நீளத்தைவிட நான் வலியுறுத்துவது, ஒரே சொல்லை இரண்டு இடங்களில் பயன்படுத்தக்கூடாது என்பதைத்தான். உங்கள் சக ஊழியர் ஏதோ ஒரு பொருள்வாங்கும் தளத்தில் பணி மின்னஞ்சலையும் பணி மறைச்சொல்லையும் கொடுத்திருந்தால், அத்தளம் கசியும் நாளில் பள்ளியின் கதவும் திறந்துவிடும். களவுபோன பட்டியல்களை மற்றத் தளங்களில் தானாகவே முயன்றுபார்க்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அடையாள அட்டை எண்ணை மறைச்சொல்லாக வைக்கும் வழக்கம் இன்னும் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். ஆவணங்களை அனுப்பும்போது பெறுபவரின் அடையாள அட்டை எண்ணையே கோப்பின் திறவுச் சொல்லாக வைப்பது அலுவலகங்களில் சாதாரணமாக நடக்கிறது. அந்த எண் பெயரைப் போல ஒருவரை அடையாளங்காட்டுவதற்கு உரியதே தவிர, அவர்தான் இவர் என்று மெய்ப்பிப்பதற்கு உரியதன்று என அரசாங்கம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

இருகட்டச் சரிபார்ப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மறைச்சொல் மட்டும் திருடுபோனால் அது காப்பாற்றும். ஆனால் போலித் தளத்தில் மறைச்சொல்லையும், கைப்பேசிக்கு வரும் ஒருமுறை மட்டும் செல்லும் மறைச்சொல்லையும் நீங்களே உள்ளிட்டால், மோசடிக்காரர் அந்தக் கணமே உண்மையான தளத்தில் அவற்றைப் பயன்படுத்திவிடுவார். அங்கே அது காப்பாற்றாது. நீங்கள் எங்கும் உள்நுழையாத நேரத்தில் கைப்பேசியில் ஒப்புதல் கேட்டு அறிவிப்பு வந்தால், உங்கள் மறைச்சொல் ஏற்கெனவே வேறொருவர் கையில் இருக்கிறது என்று கொள்ள வேண்டும். தொல்லை தாங்காமல் ஒப்புதல் அளித்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தே சிலர் அடுத்தடுத்து அவ்வறிவிப்புகளை அனுப்புவார்கள்.

விரிதாளைப் பொறுத்தவரை, சிக்கல் வாட்ஸ்அப்பில் மட்டும் இல்லை. இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற அமைப்பில் அந்தக் கோப்பு இருந்தால், பணியிலிருந்து விலகியவர் கைப்பேசியிலும் அது திறக்கும். குறிப்பிட்டவர்களின் பணிக் கணக்குகளுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பயணம் முடிந்ததும் அனுமதியை நீக்கிவிட்டு, தேவையற்ற விவரங்களை அழியுங்கள். பேருந்தில் உடன் செல்பவருக்கு ஒவ்வாமை விவரம் தெரிந்தாக வேண்டும். பெற்றோரின் வருமானமோ வீட்டு முகவரியோ தெரிய வேண்டியதில்லை. தன் பணிக்கு வேண்டிய அளவு மட்டுமே ஒருவருக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதைத்தான் இத்துறையில் குறைந்தபட்ச அனுமதி என்கிறார்கள், அதை விளக்க இந்த விரிதாளே போதும்.

சட்டம்: தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அரசாங்க அமைப்புகளைக் கட்டுப்படுத்துவதில்லை, அரசாங்கப் பள்ளிகளின் தரவு 2018 ஆம் ஆண்டின் பொதுத்துறை நிர்வாகச் சட்டத்தின்கீழும் அரசாங்கத்தின் உள்விதிகளின்கீழும் வருகிறது. பொறுப்பில் இருப்பவர் அனுமதியின்றித் தெரிந்தே தரவை வெளியிட்டால் தனிப்பட்ட முறையில் அவர்மீதே வழக்குத் தொடரலாம். உங்கள் பள்ளியோடு தொழில் செய்யும் மாணவர் பராமரிப்பு நிலையம், இணைப்பாட நடவடிக்கைப் பயிற்றுநரை அனுப்பும் நிறுவனம் போன்றவை தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டவை. 500 பேருக்கோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால், அல்லது பெருந்தீங்கு நேரக்கூடுமானால், அறிவிக்க வேண்டிய மீறல்தான் என்று கணித்த மூன்று நாள்களுக்குள் அவை தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும்.

பதில்: கணினிக்கூடத்தார்

ஆசிரியை அவர்களின் வரிசைதான் இந்த அவைக்குப் பொருத்தம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதுவரை எவரும் தொடாத ஒன்று உண்டு: நேர்ந்துவிட்ட பிறகு என்ன செய்வது என்பது. எனக்கு அரை மணி நேரம் கொடுத்தால் அதில் பாதியை இதற்கே செலவிடுவேன்.

சந்தேகத்திற்குரிய இணைப்பைச் சொடுக்கிவிட்டால், கம்பியில்லா இணைப்பைத் துண்டியுங்கள். கணினியை அணைத்துவிட வேண்டாம், ஏனெனில் என்ன நடந்தது என்பதைக் காட்டும் தடயங்கள் அதன் நினைவகத்தில் இருக்கலாம். அந்த அஞ்சலை அழிக்காதீர்கள். பள்ளியின் தொழில்நுட்பப் பிரிவினரிடம் நேரிலோ தொலைபேசியிலோ சொல்லுங்கள். மறைச்சொல்லை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். உங்கள் சொந்தப் பணம் தொடர்பான மோசடியாக இருந்தால் வங்கியை உடனே அழையுங்கள்; மோசடியா இல்லையா என்று தெரியாவிட்டால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணில் கேட்கலாம்.

இவையனைத்தும் ஊழியர் சொல்லத் துணிந்தால்தான் நடக்கும். 2018 இல் சிங்ஹெல்த் என்னும் பொதுச் சுகாதாரக் குழுமத்தின் கணினி முறையிலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டதை விசாரித்த குழு, ஊடுருவலின் அறிகுறிகளைச் சிலர் முன்கூட்டியே பார்த்திருந்தும் உரிய நேரத்தில் மேலே தெரிவிக்கவில்லை என்று கண்டறிந்தது. தெரிவித்தால் தம்மீதும் தம் குழுவினர்மீதும் கூடுதல் நெருக்கடி வரும் என்று தயங்கியவரும் அவர்களுள் ஒருவர். ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை தரவு வெளியேறியது; இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தகவல் சென்றது ஜூலை 10 அன்று. தொழில்நுட்ப நிபுணர்களே தயங்கிய இடத்தில் பொது அலுவலக ஊழியர் தயங்கமாட்டார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே துணை முதல்வரை அக்கூட்டத்திற்கு அழைத்து, உடனே தெரிவிப்பவர்மீது நடவடிக்கை எடுக்கப்படாது என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். நீங்கள் சொன்னால் அது ஆறுதலாக மட்டும் இருக்கும்.

செம்பவாங்வாசி

அவரிடம் கேட்டுவிட்டேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார். குறைந்தபட்ச அனுமதியை விளக்க, எங்கள் கற்றல் பயண விரிதாளையே திரையில் காட்டலாமா? பெயர்களை மட்டும் கறுப்புக் கட்டத்தால் மறைத்துவிடுவேன்.

பதில்: நுழைவாயில்

வேண்டாம். படத்தின்மேல் வைத்த கட்டத்தை, காட்சிக் கோப்பைப் பெறும் எவரும் நகர்த்திப் பார்க்கலாம். அதோடு சிறிய பள்ளியில் வகுப்பும் ஒவ்வாமையும் தெரிந்தாலே அது எந்தப் பிள்ளை என்று பலருக்கும் தெரிந்துவிடும். கற்பனைப் பெயர்களைக் கொண்டு பத்து வரிகளில் ஒரு மாதிரி விரிதாளை உருவாக்கிக்கொள்ளுங்கள். உண்மையான விரிதாளின் பகிர்வு அமைப்பைக் கூட்டத்திற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.